சளிதானே என்று இருந்துவிடலாமா?

சளியும் இருமலும் வாராத குழந்தை உலகில் இல்லை. மழை பெய்தால் மூக்கு ஒழுகும். பனி இறங்கினால் இருமல் தொடரும். ஒரு வாரத்தில் தானே நீங்கிவிடும். இதனால்தான் நம் இல்லங்களில் சளியை ஒரு நோயாகவே எவரும் கருதுவதில்லை. பாட்டியின் கைப்பக்குவமும் தாயின் மடிச்சூடும் போதும் என்று இருந்துவிடுகிறோம். பெரும்பாலான குழந்தைகளைப் பொறுத்தவரையில் அங்ஙனம் இருப்பதில் தவறும் இல்லை.

ஆனால் எல்லாக் குழந்தைகளும் ஒரே வலிவோடு பிறப்பதில்லை. குறைமாதத்தில் பிறந்த குழந்தை, இதயத்தில் துவாரத்தோடு பிறந்த குழந்தை, நுரையீரல் நலிந்த குழந்தை, தசைகளில் வலிவு குன்றிய குழந்தை, டவுன் குறைபாடு உடைய குழந்தை ஆகியோரிடத்தில் சளி வேறு முகம் காட்டுகிறது. பள்ளிக்குச் செல்லும் அண்ணனுக்கு மூக்கொழுகலாக வந்த அதே கிருமி, தொட்டிலில் கிடக்கும் தம்பிக்கு மூச்சுத் திணறலாக மாறக்கூடும். ஒரே வீடு, ஒரே கிருமி, ஒரே வாரம். விளைவு மட்டும் வேறு. இவ்வேறுபாட்டை முன்னதாகவே அறிந்திருப்பது பெற்றோர்க்கு இன்றியமையாதது. உற்றார் உறவினரை ஊரில் விட்டு, தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் தனிக்குடித்தனம் நடத்தும் நம்மவர்க்கு இது இன்னும் இன்றியமையாதது. நள்ளிரவில் “இது ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய இருமலா?” என்று கேட்க அடுத்த அறையில் அனுபவமுள்ள பாட்டி இல்லாத வீடுகள் நம்முடையவை அல்லவா?

கிருமியின் வரலாறு

சிறு குழந்தைகளின் நுரையீரலைத் தாக்கும் வைரஸ்கள் பல. அவற்றுள் முதன்மையானது ஆர்.எஸ்.வி. எனச் சுருக்கமாக வழங்கப்படும் ‘ரெஸ்பிரேட்டரி ஸின்ஸிஷியல் வைரஸ்’. இது தாக்கிய உயிரணுக்கள் ஒன்றோடொன்று கலந்து ஒரே பெரும் அணுவாகத் திரண்டுவிடும். அந்தத் திரட்சியைக் குறிக்கும் சொல்லே இப்பெயரின் நடுவில் நிற்கிறது.

இக்கிருமி முதலில் அகப்பட்டது மனிதரிடத்தில் அன்று. அமெரிக்காவில் ஆராய்ச்சிக்காக வளர்க்கப்பட்ட சிம்பன்சிக் குரங்குகளுக்குச் சளி கண்டபோது, 1956-ஆம் ஆண்டில் அவற்றினிடமிருந்து இது பிரித்தெடுக்கப்பட்டது. அடுத்த ஆண்டே, ராபர்ட் சானக் என்னும் மருத்துவ அறிஞரும் அவர்தம் துணைவரும் பால்டிமோர் நகரத்தில் மூச்சு நோயுற்ற குழந்தைகளிடம் இதே கிருமியைக் கண்டனர். குரங்கின் சளி என்று எண்ணப்பட்டது குழந்தைகளின் நோய் என்பது அப்போதுதான் விளங்கிற்று.

இரண்டு வயது நிரம்புவதற்குள் ஏறத்தாழ எல்லாக் குழந்தைகளையும் இது ஒரு முறையேனும் தொட்டுவிடுகிறது. ஒரு முறை வந்தால் மறுமுறை வாராது என்பதும் இல்லை. வாழ்நாள் முழுதும் மீண்டும் மீண்டும் வரும். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் சாதாரணச் சளியாகவே வந்து போகும். 2019-ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் ஒரு லட்சத்துக்குச் சற்று மேற்பட்டோர் இக்கிருமியால் உயிரிழந்தனர் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டுள்ளனர். அவ்விறப்புகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழுக்கு மேற்பட்டவை வறிய நாடுகளிலும் நடுத்தர வருவாயுள்ள நாடுகளிலும் நிகழ்ந்தவை. நம் நாடும் அவ்வரிசையில் சேர்ந்ததே.

மெலிந்த குழந்தைக்கு ஏன் இவ்வளவு கேடு?

மூச்சுக் குழாய் மார்பினுள் இறங்கி, கிளை கிளையாகப் பிரிந்து, கடைசியில் மிக நுண்ணிய குழல்களாக முடிகிறது. ஆர்.எஸ்.வி. தாக்குவது முக்கியமாக இந்நுண்குழல்களையே. அவற்றின் உட்சுவர் வீங்குகிறது. மடிந்த அணுக்களும் கோழையும் சேர்ந்து வழியை அடைக்கின்றன. பெரியவரின் குழல் சற்று வீங்கினாலும் காற்றுப் போக இடம் இருக்கும். குழந்தையின் குழலோ முன்பே மிகக் குறுகியது. ஒரு குழாயின் அகலம் பாதியாகக் குறைந்தால், அதனுள் காற்றுச் செல்வதற்குரிய தடை இரு மடங்கன்று, பதினாறு மடங்காகப் பெருகும் என்பது பௌதிக விதி. சிறு வீக்கம் பெருந்திணறலாவதன் காரணம் இதுவே.

குறைமாதக் குழந்தைக்கு இதன்மேல் இன்னொரு குறையும் உண்டு. தாய் தன் உடலில் ஈட்டி வைத்துள்ள நோய்த் தடுப்பாற்றலைக் கருவிலுள்ள சிசுவுக்கு வழங்குவது பெரும்பாலும் கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில்தான். ஏழாம் மாதத்தில் பிறந்துவிட்ட குழந்தை அச்சீதனத்தைப் பெறாமலே புகுந்த வீட்டுக்கு வந்த பெண்ணைப் போன்றது. அதன் நுரையீரலும் முழு வளர்ச்சி எய்தியதன்று. பல வாரங்கள் செயற்கைச் சுவாசத்தில் இருக்க நேர்ந்த குழந்தையின் நுரையீரலில் தழும்புகளும் எஞ்சியிருக்கும்.

இதயத்தில் துவாரமுள்ள குழந்தையின் நிலை வேறு. கீழறைகளுக்கு இடையே பெரிய துவாரம் இருப்பின், உடலுக்குச் செல்ல வேண்டிய இரத்தத்தின் ஒரு பகுதி மீண்டும் நுரையீரலுக்கே திரும்புகிறது. நுரையீரல் எந்நேரமும் நீர் கோத்த நிலத்தைப் போல் கனத்துக் கிடக்கும். அந்நிலையில் கிருமியும் நுழைந்து பிராணவாயு குறைந்தால், நுரையீரலின் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. முன்பே சுமை தாங்கிய இதயம் மேலும் தளர்கிறது. 1982-இல் வெளியான ஓர் அமெரிக்க மருத்துவ ஆய்வின்படி, ஆர்.எஸ்.வி.யால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட பிறவி இதய நோயுள்ள குழந்தைகளுள் நூற்றுக்கு 37 பேர் இறந்தனர். அந்நோய் இல்லாதவர்களுள் இறந்தோர் நூற்றுக்கு ஒன்றரைப் பேரே. தீவிர சிகிச்சை வளர்ந்துள்ளமையால் இழப்பு அதன்பின் பெரிதும் குறைந்துவிட்டது. ஆயினும் அபாயம் நீங்கிவிடவில்லை. அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்துக் காத்திருக்கும் குழந்தைக்கு இக்கிருமி தொற்றினால், அந்நாளைச் சில வாரங்கள் தள்ளிவைக்கவும் நேரும். மாதக்கணக்கில் காத்துப் பெற்ற நாள் ஒரு சளியால் தவறிப்போவது பெற்றோர்க்கு எத்துணை வேதனை!

டவுன் குறைபாடு உடைய குழந்தைகளுள் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இதயக் குறையும் உடனிருக்கும். இதயம் செவ்வனே இருந்தாலும் அவர்களுடைய மூச்சுப் பாதை குறுகியது, தசைகள் தளர்ந்தவை. தசை நோயுள்ள குழந்தைகளுக்குக் கோழையை இருமி வெளியேற்றும் வலிமை போதாது. ஆகவே இவர்களும் அதே கவனத்துக்கு உரியவர்கள்.

இங்கு ஒன்று சொல்ல வேண்டும். இக்கிருமியால் மருத்துவமனை சேரும் குழந்தைகளுள் பலர், முன்பு எந்நோயும் இல்லாத, நிறைமாதத்தில் பிறந்த குழந்தைகளே. ஆகையால் கீழே சொல்லும் அடையாளங்களை எல்லாப் பெற்றோரும் அறிந்திருப்பது நலம்.

காய்ச்சலை அன்று, மூச்சைப் பாருங்கள்

நம் இல்லங்களில் நோயின் கடுமையை அளக்கும் கோல் காய்ச்சலே. நெற்றியைத் தொட்டுப் பார்த்து, “சூடு இல்லை, பயமில்லை” என்று ஆறுதல் அடைகிறோம். இந்நோயில் அக்கோல் பொய்த்துவிடும். காய்ச்சல் சிறிதளவே இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். முதல் இரண்டு மூன்று நாட்கள் மூக்கொழுகலும் இருமலுமாகக் கழியும். மூன்றாம் நாள் முதல் ஐந்தாம் நாள் வரையில்தான் நோய் உச்சம் அடைகிறது. “நேற்றைவிட இன்று தேவலை என்றிருந்தோம், இரவில் திடீரென்று முற்றிவிட்டது” என்று பலர் கூறுவதன் காரணம் இதுவே.

ஆகவே மூச்சை எண்ணுங்கள். குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கி, வயிறும் மார்பும் ஏறி இறங்குவதைக் கடிகாரத்தை வைத்துக்கொண்டு முழுதாக ஒரு நிமிடம் எண்ணுக. இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 60-உம் அதற்கு மேலும், இரண்டு மாதம் முதல் ஓராண்டு முடியும் வரை 50-உம் அதற்கு மேலும், ஒன்று முதல் ஐந்து வயது வரை 40-உம் அதற்கு மேலும் இருந்தால் அது வேக மூச்சு. உலக சுகாதார நிறுவனம் வகுத்த அளவு இது. வேக மூச்சு கண்டால் அன்றே மருத்துவரிடம் காட்டுக.

மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே மார்பு உள்ளே குழிந்தாலும், மூக்குத் துளைகள் விரிந்து விரிந்து சுருங்கினாலும், ஒவ்வொரு மூச்சுக்கும் முனகல் கேட்டாலும், உதடும் நாக்கும் நீலம் பாரித்தாலும், பால் குடிக்க முடியாமல் விட்டுவிட்டாலும், எழுப்பினால் எழாமல் துவண்டு கிடந்தாலும், வலிப்பு வந்தாலும் ஒரு நாழிகையும் தாமதிக்கலாகாது. மிகச் சிறிய குறைமாதக் குழந்தைகளில், இருமலே இன்றி மூச்சு இடையிடையே நின்று நின்று வருவதே முதல் அடையாளமாக இருப்பதும் உண்டு. விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

இதய நோயுள்ள குழந்தைக்கு இவ்வளவு முற்றும் வரையில்கூடக் காத்திருத்தல் ஆகாது. பால் குடிக்கும் அளவு குறைந்தாலோ, குடிக்கும்போது நெற்றி வேர்த்தாலோ, வழக்கத்தைவிட மூச்சு வாங்கினாலோ உடனே மருத்துவரை நாடுக. விரலில் மாட்டிப் பிராணவாயுவை அளக்கும் சிறு கருவி இப்போது பல வீடுகளில் இருக்கிறது. தம் குழந்தைக்கு வழக்கமான அளவு எவ்வளவு என்பதை நோயற்ற நாளிலேயே மருத்துவரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். சில இதயக் குறைகளில் அவ்வளவு எப்போதுமே தாழ்ந்திருக்கும். மற்றக் குழந்தைகளின் அளவு அவர்களுக்குப் பொருந்தாது.

பக்குவமும் மருந்தும்

இக்கிருமியை நேராகக் கொன்று நோயைத் தீர்க்கும் சாதாரண மருந்து எதுவும் இல்லை. வைரஸ் நோயில் ஆன்டிபயாடிக் பயன்படாது. பாக்டீரியாவும் உடன் சேர்ந்துள்ளது என்று மருத்துவர் கருதினால் மட்டுமே அது வேண்டும். மருத்துவமனையில் செய்யப்படும் பெரும் உதவி மூன்று: பிராணவாயு அளித்தல், மூக்கிலுள்ள கோழையை நீக்குதல், உடலில் நீர் வற்றாமல் குழாய் வழியாகவோ ஊசி வழியாகவோ உணவும் நீரும் சேர்த்தல். நோய் தன் வழியே தணியும் வரையில் உயிரைத் தாங்கி நிறுத்துவதே சிகிச்சை. காலத்தில் போய்ச் சேர்வதன் பயன் இதனால் விளங்கும்.

வீட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று மருத்துவர் கூறிய குழந்தைக்குத் தாய்ப்பாலைச் சிறிது சிறிதாகப் பலமுறை ஊட்டுக. பாலூட்டுமுன் உப்புநீர்ச் சொட்டு மருந்து இட்டு மூக்கைத் துடைத்துவிடுக. இருமல் ‘சிரப்’ வேண்டவே வேண்டாம். 2025-ஆம் ஆண்டில் மத்தியப் பிரதேசத்தில் நச்சுக் கலந்த இருமல் மருந்தைக் குடித்துக் குழந்தைகள் பலர் மாண்டதை நாடே அறியும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்துகளைத் தரலாகாது என்று மத்திய சுகாதாரத் துறை அப்போது அறிவுறுத்தியது.

நம் பழைய பக்குவங்கள் சிலவற்றைப் பற்றியும் ஒளிக்காமல் சொல்வதே நன்று. குளிப்பாட்டியபின் மூக்கில் எண்ணெய் விட்டு ஊதும் வழக்கம் இன்னும் நம் வீடுகளில் உண்டு. அவ்வெண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் ஒருவகை நிமோனியாவையே உண்டாக்கும். கற்பூரம் சேர்ந்த தைலங்கள் கைக்குழந்தைக்கு வலிப்பைக் கொணரக்கூடும். சாம்பிராணிப் புகை, கொசுவர்த்திப் புகை, சிகரெட்டுப் புகை யாவும் வீங்கிய குழல்களை மேலும் வருத்தும். அன்பினால் செய்வதே ஆயினும், நலிந்த நுரையீரலுக்கு இவை ஆகா. “மாந்தம்” என்றோ “கணை” என்றோ பெயரிட்டு நாளைக் கழிப்பதும் தகாது.

வேலியாக நிற்பது வீட்டார் கடமை

இக்கிருமி இருமலிலும் தும்மலிலும் தெறிக்கும் துளிகளாலும், கையாலும் பரவுகிறது. கதவுப் பிடியிலும் கட்டில் சட்டத்திலும் சில மணி நேரம் உயிரோடு கிடக்கும். அதைத் தொட்ட கை குழந்தையின் முகத்தைத் தொட்டால் போதும். தொட்டில் குழந்தை வெளியே சென்று கிருமியைத் தேடுவதில்லை. பள்ளியிலிருந்து அக்காளும், அலுவலகத்திலிருந்து தந்தையும், ஊரிலிருந்து பார்க்க வரும் உறவினரும் கொண்டுவந்து கொடுக்கிறோம். ஆகவே வெளியிலிருந்து வந்ததும் சோப்பிட்டுக் கை கழுவுதல், சளி உள்ளவர் குழந்தையைத் தூக்காதிருத்தல், தூக்கியே ஆக வேண்டிய தாயாயின் வாயையும் மூக்கையும் மூடிக்கொள்ளுதல், எவராயினும் குழந்தையின் முகத்தில் முத்தமிடாதிருத்தல் ஆகியவற்றை வீட்டு விதியாகக் கொள்க. இருமலோடு வந்திருக்கும் பெரியவரிடம், “தாத்தா, நாலு நாள் பொறுத்துக் குழந்தையை எடுத்துக்கொள்ளுங்கள்” என்று சொல்வது மரியாதைக் குறைவாகாது. காரணத்தை எடுத்துச் சொன்னால் எந்தத் தாத்தாவும் வருந்தார்.

பிரயாணம் செய்வோர் ஒன்றை நினைவிற் கொள்ளல் நலம். வட இந்தியாவில் இக்கிருமி குளிர் காலத்தில் மிகுகிறது. தெற்கிலும் மேற்கிலும் மழைக் காலத்தை ஒட்டி மிகுகிறது. தில்லிப் பனியைத் தப்பிய குழந்தையை, மழைக் காலத்தில் ஊர்த் திருமணக் கூட்டத்துக்கு அழைத்துச் சென்றால், அங்கும் கிருமி காத்திருக்கலாம். காதுகுத்துக்கும் முடியிறக்குதலுக்கும் நாள் பார்க்கும்போது, பஞ்சாங்கத்தோடு குழந்தையின் மருத்துவரையும் ஒரு வார்த்தை கேட்டுவிடுக. குலதெய்வம் சில மாதம் பொறுக்கும்.

புதிய காப்புகள்

1966-இல் அமெரிக்காவில் இக்கிருமிக்கு ஒரு தடுப்பூசி சோதிக்கப்பட்டது. அது காப்பதற்கு மாறாக நோயைக் கடுமையாக்கிற்று; ஊசி பெற்ற குழந்தைகளுள் இருவர் இறந்தனர். அந்தத் துயரத்துக்குப்பின் இம்முயற்சி நெடுங்காலம் தடைப்பட்டது. 1998-இல் பாலிவிசுமாப் என்னும் எதிர்ப்பொருள் ஊசி வந்தது. நோய்க் காலத்தில் மாதம் ஒன்றாக இட வேண்டிய அது, குறைமாதக் குழந்தைகளும் நுரையீரல் நோயுள்ள குழந்தைகளும் மருத்துவமனை சேர்வதைப் பாதிக்கு மேல் குறைத்தது. பின்னர் நிர்செவிமாப் என்னும் எதிர்ப்பொருள் வந்தது. ஒரே ஊசி ஐந்து மாதமேனும் காக்கவல்லது. ஐரோப்பாவில் 2022-இலும் அமெரிக்காவில் 2023-இலும் இதற்கு அனுமதி கிடைத்தது. கருவுற்ற தாய்க்கு இடும் தடுப்பூசிக்கும் 2023-இல் அனுமதி கிடைத்தது. இவ்விரண்டையும் உலக சுகாதார நிறுவனம் 2025-இல் பரிந்துரைத்துள்ளது. தாய்க்கு இட்ட ஊசியின் பயன் சிசுவைச் சேர இரண்டு வாரமேனும் வேண்டும். ஆகையால் மிக முன்னதாகப் பிறந்த குழந்தைக்கு அது உதவாது, எதிர்ப்பொருளே உதவும். இவை விலை மிகுந்தவை. தம் குழந்தைக்கு வேண்டுமா, தம் நகரத்தில் கிடைக்குமா என்பதைக் குழந்தை மருத்துவரிடம் கேட்டறிக.

கைக்கெட்டும் காப்புகளும் உண்டு. நிமோனியாவுக்கு எதிரான நியூமோகாக்கல் தடுப்பூசி 2017 முதல் படிப்படியாக அரசின் இலவசத் திட்டத்தில் சேர்க்கப்பட்டது. 2021 முதல் நாடெங்கும் இடப்படுகிறது. அது ஆர்.எஸ்.வி.யைத் தடுக்காது, ஆயினும் நலிந்த நுரையீரலை வேறொரு பெரும் பகைவனிடமிருந்து காக்கும். குழந்தைக்கு ஆறு மாதம் நிரம்பிய பின் ஃப்ளூ ஊசி பற்றியும் கேட்டுக்கொள்க. பிறவிக் குறைகளைக் கண்டறிந்து இலவசச் சிகிச்சைக்கு வழிகாட்ட, 2013 முதல் ‘ராஷ்ட்ரீய பால் ஸ்வாஸ்த்ய கார்யக்ரம்’ என்னும் மத்திய அரசுத் திட்டம் உள்ளது.

மொழியும் ஒரு மருந்தே

அயல் மொழி வழங்கும் நகரத்தில், பதற்றமான வேளையில் சொல் வாராமல் தவிப்பது நம்மவர் பலர் கண்ட துன்பம். குழந்தையின் மார்பு குழிவதை இந்தியில் “பஸ்லீ சல் ரஹீ ஹை” என்பர். ‘விலா ஓடுகிறது’ என்பது பொருள். இச்சொல்லைக் கேட்ட அளவிலேயே வடநாட்டு மருத்துவரும் தாதியும் நிலைமையை உணர்ந்துகொள்வர். இதயத்தில் துவாரம் உண்டு என்பதற்கு “தில் மே சேத் ஹை” என்றும், பால் குடிக்கவில்லை என்பதற்கு “தூத் நஹீ பீ ரஹா ஹை” என்றும் சொல்லலாம். இவற்றை வீட்டிலுள்ள பாட்டியும் கற்றுக்கொள்ளட்டும்.

ஒரு தாளில் குழந்தையின் பெயர், பிறந்த வாரக் கணக்கு, எடை, நோயின் பெயர், தரும் மருந்துகளின் அளவு, வழக்கமான பிராணவாயு அளவு, மருத்துவரின் தொலைபேசி எண் ஆகியவற்றை மருத்துவமனைச் சீட்டில் உள்ளவாறே எழுதி, கதவின் பின்புறம் ஒன்றும் பெட்டியில் ஒன்றுமாக வைத்துக்கொள்ளுங்கள். இரவில் பிராணவாயு வசதியுடன் குழந்தைகளைச் சேர்க்கும் மருத்துவமனை அருகில் எது என்பதையும் இன்றே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

சங்க அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பொங்கல் விழாவில் ஒன்றுகூடுவது போலவே, நள்ளிரவில் கதவு தட்டப்படும்போதும் நாம் ஒரு குடும்பமாக இருத்தல் வேண்டும். வண்டி உள்ளவர் வண்டி கொண்டு வரட்டும். மொழி அறிந்தவர் உடன் செல்லட்டும். மூத்த குழந்தையை அடுத்த வீட்டு அத்தை அன்றிரவு பார்த்துக்கொள்ளட்டும். குறையோடு பிறந்த குழந்தையும் ஓடியாடி வளரும் காலம் இது. இதயத் துவாரத்தை மூட மருத்துவம் இருக்கிறது. நலிந்த நுரையீரலும் வயது ஏறத் தேறுகிறது. அதுவரையில் அக்குழந்தையின் மூச்சைக் காத்துத் தருவது பெரியவர்களாகிய நம் அனைவரின் பொறுப்பு.